பாரணை: நோன்பின் கடைசி நாழிகை

(பருவ விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோன்பு இருந்தபின் முதன்முதல் உண்பதற்குத் தமிழ்நாட்டில் வழங்கும் சொற்கள் பல. விரதம் முடித்தல் என்பர். விரதம் விடுதல் என்பர். இசுலாமியர் நோன்பு திறத்தல் என்பர். முறித்தல் என்பது இவற்றின் வேறானது. எடுத்த உறுதி இடையிலே கெடுமானால் அதற்குத்தான் முறிவு என்று பெயர். வைணவர்க்கும் சமணர்க்கும் பொதுவாக வழங்கும் சொல் பாரணை. பாரம் என்னும் வடசொல்லுக்கு அக்கரை என்பது பொருள். ஆகவே பாரணை என்றால் கரை சேர்த்தல். நடு ஆற்றில் விழிப்போடு துடுப்பு வலித்தவன், கரை கண்டவுடன் படகை உதைத்துக் குதித்தால் சேற்றில் விழுவான். நோன்பிருப்போர் பலர் இப்படித்தான் விழுகின்றனர்.

நோன்பு ஏற்பது எப்படி என்று கற்றுக்கொடுக்க வீட்டுக்கு வீடு பாட்டிமார் இருக்கின்றனர். முடிப்பது எப்படி என்று கேட்டால், "காலையில் குளித்துவிட்டுச் சாப்பிட வேண்டியதுதானே" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்வளவு எளிய செய்தியாக முன்னோர் இதனைக் கருதவில்லை. சைவ வைணவ மரபினரும் கருதவில்லை. அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே உள்ளது ஒட்டன்சத்திரம். கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் பெருஞ்சந்தை அங்கே உண்டு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடந்து செல்வோர் அவ்வழியே போவர். பசித்து வருவோர்க்குச் சோறிடும் இடத்துக்குச் சத்திரம் என்று பெயர். ஊரின் பெயரிலேயே அது நிற்கிறது. ஏகாதசி நெருங்கினால் அங்குள்ள வைணவ இல்லத்தார் சந்தையில் தேடுவது அகத்திக்கீரையும் நெல்லிக்காயும். பதினோராம் நாள் முழுதும் உண்ணாதிருந்து, பன்னிரண்டாம் நாளாகிய துவாதசியில் இவற்றோடு பாரணை செய்வது அவர்கள் வழக்கம். காய்ந்த வயிற்றுக்கும் குடலுக்கும் இவை இதம் என்பது அதற்கு மருத்துவர் சொல்லும் காரணம். அகத்தி மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்று சித்த மருத்துவர் சொல்வதுண்டு. அவர்களிடம் மருந்து உண்போர் கேட்டுத் தெளிந்து உண்பது நன்று.

உணவைக் காட்டிலும் நேரத்தில்தான் வைணவர் மிகுந்த கண்டிப்புக் காட்டுவர். பஞ்சாங்கத்தில் துவாதசித் திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று பார்ப்பர். அத்திதியின் முதற் காற்பகுதிக்கு அரிவாசரம் என்று பெயர், அதில் உண்ணலாகாது. அது கழிந்து, கதிரவனும் எழுந்து, துவாதசி முடிவதற்குள் பாரணை நிகழ வேண்டும். சில மாதங்களில் இந்த இடைவெளி மிகக் குறுகிவிடும். தாமதித்தால், முதல் நாள் இருந்த பட்டினி வெறும் பட்டினியாகவே நின்றுவிடும் என்பது அவர்கள் கொள்கை.

இதனை விளக்கும் கதை பாகவதத்தின் ஒன்பதாம் கந்தத்தில் இருக்கிறது. அம்பரீடன் என்னும் அரசன் ஓராண்டுக் காலம் துவாதசி நோன்பு நோற்றான். நிறைவாகக் கார்த்திகையில் மூன்று நாள் உண்ணாதிருந்தான். பாரணைக்கு அமரும் வேளையில் துருவாச முனிவர் விருந்தினராக வந்தார். உண்ண இசைந்து, நீராடி வருவதாக யமுனைக்குச் சென்றவர் திரும்பவில்லை. துவாதசி முடிய இன்னும் அரை முகூர்த்தமே இருந்தது. அதாவது ஒரு நாழிகை, 24 நிமிடம். விருந்தினர்க்கு முன் உண்பது பிழை. திதி கடந்தபின் உண்பதும் பிழை. அரசன் அறவோரைக் கலந்தான். வெறும் நீரைப் பருகுக, அது உண்டதும் ஆகும், உண்ணாததும் ஆகும் என்றனர். பருகினான். முனிவர் வந்து சினந்தார். அவர் ஏவிய பூதத்தை அழித்த சக்கரம் அவரையே துரத்த, முனிவர் உலகெங்கும் ஓடினார். கதையில் பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பது அந்த ஓட்டத்தைத்தான். அதன்பின் வரும் செய்தி அதனினும் பெரிது. முனிவர் ஓடித் திரும்ப ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டும் அரசன் நீர் மட்டுமே பருகிக் காத்திருந்தான். வந்தவரை அமர்த்தி உண்ணச் செய்து, பிறகே தான் உண்டான்.

பாரணைக்கு நேரம் உண்டு. இக்கட்டு வந்தால் அதற்கு ஒரு சிறிய வழியும் உண்டு. உண்பவன் தனியே உண்பதில்லை. இம்மூன்றும் அக்கதையில் இருக்கின்றன. சமண மரபில் தேடினாலும் இம்மூன்றும் கிடைக்கும், வேறு உருவில்.

மற்றைய நோன்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சங்கடஹர சதுர்த்தி நோற்போர் நிலவைக் கண்டபின் உண்பர். பிரதோட நோன்பினர் அந்தி வழிபாடு முடிந்து உண்பர். சிவராத்திரிக்குக் கண்விழித்தோர் மறுநாட் காலையில் உண்பர். கந்த சட்டிக்கு ஆறு நாள் இருப்போருள் சூரசங்காரம் முடிந்து உண்போரும் உண்டு, மறுநாள் திருக்கல்யாணம் கண்டபின் உண்போரும் உண்டு. ரமலான் நோன்பினர் கதிரவன் மறைந்தவுடன் பேரீச்சம்பழமும் நீரும் கொண்டு நோன்பு திறந்து கஞ்சி பருகுவர். இவற்றுள் சில இரவில் முடிகின்றன. சமணர்க்கு அது இயலாது. இருட்டியபின் உண்ணாமை தமிழ்ச் சமண இல்லங்களின் அடையாளம். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சதுர்த்தி நோன்பு இருந்து, நிலவு எழும்வரை பசித்திருந்து இரவு எட்டரை மணிக்கு உண்ணும் பழக்கம் சில இளைய குடும்பங்களில் நுழைந்திருக்கிறது. அண்டை வீட்டாரோடு உறவு கொண்டாடுவது நல்லதே. ஆயினும் ஒரு நோன்பைக் காக்க இன்னொரு நோன்பை விடுவது முறையான கணக்கு ஆகாது.

சமணர் முறை என்ன? சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய நோன்புகளைத் தெளிவாக வகுக்கின்றன. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோற்பதைப் போசதோபவாசம் என்பர். நால்வகை உணவையும் துறப்பது உபவாசம். ஒருபொழுது உண்பது போசதம். முதல் நாள் ஒருபொழுது, நடுநாள் உண்ணாமை, மூன்றாம் நாள் ஒருபொழுது என இரண்டும் கூடியதே போசதோபவாசம். முதல் நாளைத் தாரணை என்றும் மூன்றாம் நாளைப் பாரணை என்றும் வழங்குவர். இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. நோன்பின் கணக்கில் மூன்றாம் நாளும் அடங்கியிருக்கிறது. சதுர்த்தசி கழிந்த காலையில் நோன்பு முடிந்துவிடுவதில்லை; பாரணை நாளின் அந்த ஒருபொழுது உணவோடுதான் முடிகிறது. இட்டலியும் வடையும் இனிப்புமாய் அன்று மூன்று வேளை உண்டவர் இரண்டு நாள் நோன்பே நோற்றவர் ஆவார்.

தாரணையையும் மறந்துவிடுகின்றனர். மறுநாள் பட்டினி என்று முதல் நாள் மாலை வயிறு புடைக்க உண்பது பரவலான வழக்கம். அப்படி உண்டவர்க்கு நோன்பு நாளில் பசியும் தாகமும் கூடுமே அன்றிக் குறையா.

நேரத்தைப் பொறுத்தவரை சமணர் விதி எளிது. கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், கழிந்தபின் உண்ணலாம். மறைவதற்குமுன் முடித்துவிட வேண்டும். வடிகட்டிக் காய்ச்சிய நீரே பருக வேண்டும்.

இனி, உண்பவன் தனியே உண்பதில்லை என்னும் செய்தி. இதற்குச் சமணர் முதலாவதாகச் சொல்வது ஆதிநாதரின் பாரணையை. ஒன்பதாம் நூற்றாண்டில் சினசேனர் இயற்றிய ஆதிபுராணம் இதனை விரித்துரைக்கிறது. தமிழில் மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணமும் சொல்கிறது. துறவு பூண்ட ஆதிநாதர் ஆறு மாதம் உண்ணாது நின்றார். அவரோடு துறவு ஏற்ற நாலாயிரவர் பசி பொறுக்கமாட்டாமல் காயும் கிழங்கும் தின்று நெறி தவறினர். அதனைக் கண்டு, பின்வரும் துறவியர்க்கு உணவு ஏற்கும் முறையைக் காட்டுவதற்காகவே அவர் ஊர்களுக்குள் நடந்தார் என்கிறது புராணம். தம் பசிக்காக அன்று. ஆனால் துறவிக்கு உணவு தருவது எப்படி என்று எவருக்கும் தெரியவில்லை. யானை தந்தனர், குதிரை தந்தனர், மணியும் பொன்னும் தந்தனர், கன்னியரைக் கொண்டுவந்து நிறுத்தினர். ஒருபிடி உணவு தர ஒருவர்க்கும் தோன்றவில்லை. மாதங்கள் சென்றன. அத்தினாபுரத்தில் சிரேயாம்சனுக்கு மட்டும் முற்பிறவியில் துறவியர்க்கு உணவளித்த நினைவு எழுந்தது. முறையாக வரவேற்றுக் கரும்புச் சாறு வார்த்தான். அந்நாளே அட்சய திருதியை. இன்று அந்நாளில் நகைக்கடை வாயிலில் நெரிசல் பெருகுகிறது. ஆதிநாதர் முன் பொன்னை நீட்டியவர்களின் வரிசை இன்னும் குறையவில்லை போலும்.

மகாவீரர்க்குச் சந்தனை உணவளித்த வரலாறும் இத்தகையது. கோசாம்பியில் அடிமையாய் விலங்கிடப்பட்டிருந்தவள் அவள். அவள் தந்தது வரகுச் சோறு என்பது திகம்பரர் மரபு. உளுந்து என்பது சுவேதாம்பரர் மரபு. எதுவாயினும் எளியவள் கையிலிருந்த எளிய உணவு அது. தீர்த்தங்கரர் பாரணைகளில் பந்தி விரித்த செய்தி எங்கும் இல்லை.

சிலப்பதிகாரத்திலும் சாவகர் உணவைப் பற்றிய இடம் ஒன்று உண்டு. கவுந்தியடிகளோடு நெடுவழி நடந்து களைத்து வந்த கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறஞ்சேரியில் மாதரி இல்லத்தில் தங்குகின்றனர். கோவலன் சாவக நோன்பி, பகலில்தான் உண்பான். ஆதலால் கண்ணகி சமைப்பதற்குப் புதிய கலங்களைத் தருகின்றனர். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, ஆயர் இல்லத்துப் பாலும் நெய்யும்: இளங்கோவடிகள் தரும் பட்டியல் இவ்வளவே. நெடுநாள் நடந்து வந்தவர்க்கு இதைவிட நல்ல முதல் உணவைச் சொல்வது அரிது. ஆய்ச்சியர்க்குச் சமண நோன்பு இல்லை. ஆயினும் விருந்தினரின் நோன்பை அறிந்து கலம் மாற்றிக் கொடுத்தனர்.

இனிச் சொல்லப்போவது வருத்தம் தரும் செய்தி. விழாக் கூட்டத்தில் இதனைச் சொல்லலாமா என்று தயங்குவோர் உண்டு. சொல்லாமல் விடுவது அதனினும் தவறு. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் செகந்திராபாத்தில் 13 வயதுச் சமணச் சிறுமி ஒருத்தி 68 நாள் உண்ணாநோன்பு நிறைவேற்றி, நோன்பு முடித்த ஓரிரு நாளில் உயிர்நீத்தாள். நாடெங்கும் செய்தியாயிற்று. சமணத்தைக் குறைகூறுவோர் கூறினர், காப்போர் காத்தனர். நோன்பு நடந்தபோது அன்று, முடிந்த பிறகே உயிர் பிரிந்தது என்பதை நின்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

மருத்துவர் இதுபற்றிப் பொதுவாகக் கூறுவதை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடமை. நெடுநாள் உண்ணாத உடல் தன் கொழுப்பை எரித்து வாழப் பழகிவிடுகிறது. இன்சுலின் சுரப்பு தாழ்ந்திருக்கும். அந்நிலையில் திடீரென மாவும் சர்க்கரையுமாக உணவு சென்றால் இன்சுலின் விரைந்து சுரக்கிறது. அதனோடு இரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் அவற்றின் அளவு குன்றியவுடன் இதயத்தின் துடிப்பு தடுமாறுகிறது. தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் 1945இல் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டோர் பலர், கருணையோடு தரப்பட்ட உணவைத் தாங்கமாட்டாமல் இறந்தனர். பட்டினியைத் தாங்கிய உடல் உணவைத் தாங்கவில்லை.

அச்சம் கொள்ள வேண்டியதில்லை. அளவு தெரிய வேண்டும். நலமுள்ள ஒருவர் ஒருநாள் உபவாசம் இருந்து மறுநாள் உண்பதில் இந்த ஆபத்து இல்லை. ஐந்து நாளுக்கு மேல் உண்ணாதிருந்தவர் முதல் இரண்டு நாள் வழக்கமான உணவில் பாதிக்கு மிகாமல் உண்பதே தகும் என்பது மருத்துவ நெறி. பத்து நாளைக் கடந்தவர் அதனினும் குறைவாகத் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாளில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில், இரத்தப் பரிசோதனையோடு. தசலட்சண பருவத்தின் பத்து நாளும் உண்ணாதிருப்போர் இந்த எல்லையில்தான் நிற்கின்றனர். அனந்த சதுர்த்தசி கழிந்த காலையில் உறவினர் கூடி, ஆளுக்கு ஒரு கரண்டி இனிப்பு ஊட்டி மகிழும் வழக்கம் அன்பினால் எழுந்தது. அந்த அன்பை உணவால் அன்றி வணக்கத்தால் காட்டலாம். ஊட்டும் கை ஒன்றே ஒன்றாக, ஊட்டுவது நீர்த்த பயற்றுக் கஞ்சியாக இருக்கட்டும். வளரும் பிள்ளைகள் நெடுநாள் உபவாசம் எடுப்பதைப் பாராட்டி மாலை போடுவதையும், ஊர்வலம் விடுவதையும் பெரியோர் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் விரும்பியே இருக்கின்றனர் என்பர். அடுத்த ஆண்டு மாலை யாருக்கு என்று கேட்கும் வீட்டில், பிள்ளையின் விருப்பம் எது, பெரியோரின் விருப்பம் எது என்று பிரித்தறிவது கடினம்.

நீரிழிவு உள்ள முதியோர்க்கு ஒருநாள் நோன்பும் எச்சரிக்கைக்குரியதே. மாத்திரையோ இன்சுலினோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உணவை மட்டும் விட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அந்நேரமே குளுக்கோசு உட்கொள்ள வேண்டும். சதுர்த்தசி முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. இரவாயின் என் செய்வது என்ற ஐயம் சமண இல்லத்தில் எழுவது இயல்பு. சுவேதாம்பரர் நோன்பு ஏற்கும்போது ஓதும் பாடத்திலேயே, உடல்நிலை குலைந்து மன அமைதி கெடும் நிலைக்கு விலக்கு ஒன்று வைத்திருக்கின்றனர். திகம்பரரும் போற்றும் தத்துவார்த்த சூத்திரம் பதினாறு காரண பாவனைகளைச் சொல்லுமிடத்தில் தவத்தையும் தியாகத்தையும் சக்திக்கு ஏற்ப என்றே வரையறுக்கிறது. அம்பரீடனுக்கு ஒரு மிடறு நீர் இருந்ததுபோல் சமணர்க்கு இந்த ஒரு சொல் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்தை இரவில் உண்பவர் நோன்பை முறித்தவர் ஆகார். நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கேளாதவரே பிழை செய்தவர்.

என்ன உண்பது என்பதிலும் ஒரு சொல். நாளிதழ்களிலும் காணொளிகளிலும் விரதம் முடிக்க எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து பருகச் சொல்கின்றனர். உலர்ந்த அத்திப்பழம் ஊறவைத்து உண்ணச் சொல்கின்றனர். தேனும் அத்தியும் சமணர் விலக்கிய பொருள்கள். உண்ணாதிருந்து ஈட்டிய நோன்பை விலக்கிய பொருளால் முடிப்பது பொருந்தாது. முதல் நாள் நீரில் இட்ட பழைய சோறும் அவ்வாறே ஆகாது. மழைக்காலத்தில் கீரையில் சிற்றுயிர் மிகும் என்று ஒதுக்குவோர் அகத்தியை விட்டு நெல்லிக்காயோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்று காலை காய்ச்சிய இளஞ்சூட்டு நீர், பச்சைப்பயறு வேகவைத்த நீர், நொய்க்கஞ்சி, அதன்பின் குழைந்த சோறும் பாசிப்பருப்பும் சிறிது நெய்யும். ஒருநாள் நோன்புக்கு இந்த வரிசை போதும். காரம், புளி, எண்ணெய்ப் பண்டம், காப்பி ஆகியவை மறுநாளைக்கு இருக்கட்டும்.

இல்லத்தில் பாரணைக்கு அடுப்பு மூட்டுபவர் யார் என்பதையும் ஆடவர் எண்ண வேண்டும். முந்தைய நாள் தானும் உண்ணாதிருந்த தாயோ மருமகளோதான் விடியலில் எழுந்து அனைவர்க்கும் சமைத்து, கடைசியில் தான் உண்கிறாள். பெரும்பாலும் ஆறிய கஞ்சியை. கண்ணகி சமைத்ததும் நடந்த களைப்போடுதான். ஆனால் அது 1,800 ஆண்டுக்கு முந்திய கதை என்பர். இன்றைய வீட்டில் கஞ்சி வைக்க ஆடவர்க்கும் தெரியும்.

பாரணை இல்லாத நோன்பும் சமணத்தில் உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் பழைய கல்வெட்டு ஒன்று, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைப் பதிந்திருக்கிறது. அது வாழ்வின் இறுதியில் முதிர்ந்த துறவி ஏற்கும் சல்லேகனை. இல்லறத்தாரின் பருவ நோன்பை அதனோடு ஒப்பிட்டு, நாளை நீட்டுவது பெருமை என்று எண்ணுவதற்கு அக்கல் இடம் தரவில்லை.

இல்லறத்தார்க்கு உரிய கல் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பழனியைக் கடந்து கொழுமம் செல்லும் வழியில் ஐவர்மலை. பழம்பெயர் அயிரை. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்கே பார்சுவ பட்டாரர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். பாண்டியர் காலத்தை வரையறுக்க உதவும் சான்றாக வரலாற்றாசிரியர் அக்கல்வெட்டைப் போற்றுவர். அதில் ஆண்டைக் காட்டிலும் அருமையான செய்தி இறுதியில் இருக்கிறது. புதுப்பித்ததோடு அவர் நிற்கவில்லை. 505 காணம் பொன் வைத்தார். திருவுருவங்களுக்குத் தட்டின்றி நிவேதனம் நடக்கவும், அம்மலையில் இருக்கும் அடிகள் ஒருவர்க்கு நாள்தோறும் சோறு கிடைக்கவும் அப்பொன் வைக்கப்பட்டது.